பழைய சாம்பார் இல்லை

எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் சைவ பஃபே இப்போது பழையபடி இல்லை. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. நியூஜெர்சி வந்த புதிதில் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கிய என்னைப் போன்ற பலருக்கு அந்த இடம்தான் கதி.

முன்பெல்லாம் உட்கார்ந்ததும் கல்லிலிருந்து எடுத்த தோசை மேசைக்கே வரும். சாம்பாரில் பருப்பு நன்றாகக் குழைந்திருக்கும், முருங்கைக்காய் கிடக்கும், மூடியைத் திறந்தாலே பெருங்காய வாசனை தூக்கும். போன வாரம் கரண்டியை விட்டால் சோள மாவு கரைத்து ஊற்றிய மாதிரி கொழகொழவென்று வருகிறது. தோசையை மொத்தமாகச் சுட்டு, வெட்டி, ட்ரேயில் அடுக்கிவிட்டார்கள். ஆவியில் நமுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சூடாக வைக்கும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இங்கே விதி, சரி. ரசமும் குருமாவும் அந்தச் சூட்டைத் தாங்கும். தோசை தாங்காது.

விலைவாசி தெரியாமல் பேசவில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே சோனா மசூரி மூட்டைக்கு மக்கள் அலைந்தார்கள். அந்தத் தடையும் 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது. ரெண்டு டாலர் கூடவே வாங்கட்டும். வகைகளைக் குறைக்கட்டும். நல்ல சாம்பார், ரசம், ஒரு பொரியல், சூடாகத் தோசை போதும். கல்லாவில் இருந்த தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். “முதலாளிகிட்ட சொல்றேண்ணா” என்றார்.

அப்புறம், எடிசன், இஸெலின் பக்கம் கேட்டதும் தோசை ஊற்றித் தரும் பஃபே தெரிந்தால் சொல்லுங்கள்.