பிராசஸ் இன்ஜினியராக இருந்து புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனபோது

மணலியில் ஒரு கெமிக்கல் பிளாண்டில் பல வருஷம் பிராசஸ் இன்ஜினியராக இருந்துவிட்டு, அங்கேயே புரொடக்‌ஷன் மேனேஜராகப் பொறுப்பேற்றேன். இதே மாற்றத்தில் இருப்பவர்கள் என்ன படிக்கணும், எந்த கோர்ஸ் போகணும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். டிஸ்டில்லேஷனும் ஹீட் டிரான்ஸ்ஃபரும் கண்டிப்பாகக் கைகொடுக்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தினமும் என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: பிளாண்டில் நடப்பது உள்ளபடியே, நேரத்தோடு என் காதுக்கு வருகிறதா? இன்ஜினியராக இருந்தவரை ஆபரேட்டர்கள் டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்வார்கள். மேனேஜர் ஆன அடுத்த வாரமே அவர்கள் பேச்சு மாறிவிட்டது. "எல்லாம் நார்மல் சார்."

முதலில் கை வைத்தது ஷிப்ட் மாறும் நேரத்தில். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் ஷிப்ட் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிலீவர் லேட்டாக வந்தால், வீட்டுக்குக் கிளம்புகிறவர் லாக்கர் பக்கத்தில் நின்றபடியே இரண்டு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். 1988-ல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு கண்டென்சேட் பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றி வைத்திருந்த விஷயம் அடுத்த ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச்சேரவில்லை, ராத்திரி இன்னொரு பம்பு நின்றதும் வால்வு இல்லாத அந்த பம்பையே ஓட்டிவிட்டார்கள். இதை நான் எங்கள் ஆபரேட்டர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், யாரும் சலித்துக்கொண்டதில்லை, ஏனென்றால் பம்பை மாற்றி ஓட்டுவது அவர்களுடைய தினசரி வேலை.

ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் இன்டர்லாக்குகளில் எது பைபாஸில், அதாவது செயல்படாமல், இருக்கிறது, எந்த வேலைக்கான அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட், இன்னும் குளோஸ் ஆகவில்லை, ஸ்டாண்ட்பை பம்புகளில் எது ஓடாது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும், போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒரு சுற்று பீல்டில் நடக்க வேண்டும் என்று வைத்தோம். அதற்கு ஷிப்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்த 1948 ஃபேக்டரிஸ் ஆக்ட்படி வாரம் 48 மணி நேரம் தாண்டினால் இரட்டிப்புச் சம்பளம், அதனால் எச்ஆர் தயங்கினார்கள். யூனியன்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு பேசித்தான் வாங்க முடிந்தது. சட்டத்தைப் படிப்பதும் எச்ஆரோடு உட்கார்ந்து பேசுவதும் மேனேஜர் வேலையில் பாதி என்று அப்போதுதான் புரிந்தது.

ஆபரேட்டர்கள் அளவுகளை எழுதி வைக்கும் லாக் ஷீட் விஷயம் இன்னும் சுவாரசியம். கூலிங் வாட்டர் ரிட்டர்ன் டெம்பரேச்சர் ஷிப்ட் முழுக்க 36, 36, 36, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். திட்டுவது சுலபம். நான் ஷீட்டை எடுத்துக்கொண்டு அந்த டெம்பரேச்சரைக் காட்டும் கேஜ் இருக்கும் இடத்துக்குப் போனேன். உப்புக்காற்றில் டயல் கண்ணாடி மங்கிப்போய் முள் அப்படியே நின்றிருந்தது. "சார், மாத்தணும்னு எழுதி எழுதி ஓய்ஞ்சுட்டேன், யாரும் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார் ஆபரேட்டர். பழைய லாக் புக்கைப் புரட்டினால் அவர் சொன்னது உண்மை. அந்த வாரமே கேஜை மாற்றச் சொன்னேன், நானே பின்னால் நின்று மாற்ற வைத்தேன். அதற்குப் பிறகு அவருடைய ஷீட்டில் எண்கள் ஏறி இறங்க ஆரம்பித்தன. ஒருவர் சொன்ன குறையைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை என்றால் அவர் அடுத்த குறையைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

எர்ணாவூரிலிருந்து வருகிற மூத்த ஆபரேட்டர் ஒருவர், நான் டிரெய்னியாக இருந்த காலத்திலிருந்தே என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை பம்பின் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். "தம்பி, இது நாளைக்கு வரைக்கும் தாங்காது." "சரிண்ணே, ஸ்டாண்ட்பைக்கு மாத்திடலாம்" என்றேன். வைப்ரேஷன் ரிப்போர்ட் வர இன்னும் நாள் இருந்தது. பிரித்துப் பார்த்தபோது பேரிங்குக்குள் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்திருந்தது. இப்படிப்பட்டவர்கள் ரிடையர் ஆவதற்குள் புதுப் பையன்களை அவர்களோடு ஷிப்டில் போட்டுவிடுங்கள்.

பெர்மிட்டை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வெசல் என்ட்ரி, அதாவது ஒரு கலனுக்குள் ஆள் இறங்கும் வேலை என்றால் மேன்ஹோல் பக்கத்தில் போய் நின்று, எல்லா லைனிலும் குழாயை அடைக்கும் தகடான பிளைண்டு போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, எரியக்கூடிய வாயுவை அளக்கும் எல்இஎல் மீட்டரையும் ஆக்சிஜன் மீட்டரையும் நம் முன்னால் வைக்கச் சொல்ல வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஆக்சிஜனை விரட்டிவிடும் நைட்ரஜனுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, உள்ளே போனவருக்கு மயங்கப் போகிறோம் என்பதே தெரியாது. காண்ட்ராக்ட் ஆட்கள் பலர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், பெர்மிட்டோ இங்கிலீஷில் இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் ஒவ்வொரு வரியையும் சொல்லி, அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

காஸ்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு ஸ்டீம், எவ்வளவு கரண்ட், எவ்வளவு மூலப்பொருள் என்று அக்கவுண்ட்ஸ் ஆளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் கற்றுக்கொள்ளலாம்.

சுற்றிலும் குடியிருக்கும் மக்களோடு பேசுவதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் நடு ராத்திரியில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அதன் பிறகு காற்றில் எந்த வாடை வந்தாலும் எங்கள் கேட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், வருவதுதான் நியாயம். செக்யூரிட்டியை வைத்துத் திருப்பி அனுப்பாமல் நாமே போய்ப் பேச வேண்டும். மிச்ச வாயுவை எரிக்கும் ஃபிளேர் பெரிதாக எரியப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

இதெல்லாம் சேர்ந்து வேலைக்கு வந்தது வருடாந்திர ஷட்டவுன் முடிந்து ஸ்டார்ட்-அப் செய்தபோது. 2005-ல் டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில் 15 பேர் இறந்ததும் ஸ்டார்ட்-அப்பில்தான், டவர் நிரம்பிக்கொண்டிருக்க லெவல் இறங்குவதாகக் காட்டியது, அளவைக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். எங்கள் டிஸ்டில்லேஷன் டவரில் ஃபீட், அதாவது பிரிக்க வேண்டிய திரவம், ஏற்றிக்கொண்டிருந்தோம், பேனலில் பாட்டம் லெவல் 40 சதவீதத்தில் அசையாமல் நின்றது. டவரிலேயே லெவலை நேரில் காட்டும் கேஜ் கிளாஸ் பக்கத்திலிருந்து வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. "சார், கேஜ் கிளாஸ் மேல வரைக்கும் ஃபுல்லா இருக்கு, பேனல்ல என்ன காட்டுது?" பேசியது 36, 36 என்று எழுதிக்கொண்டிருந்த அதே ஆபரேட்டர். ஃபீடை நிறுத்தச் சொன்னேன். டிரான்ஸ்மிட்டரை டவரோடு இணைக்கும் கீழ்ச் சின்னக் குழாயில், அதாவது டேப்பிங்கில், துரு அடைத்திருந்தது. கேட்டில் டேங்கர் லாரிகள் நிற்கின்றன, எப்போது லோடு என்று மார்க்கெட்டிங்கிலிருந்து போன் மேல் போன். டேப்பிங்கைச் சுத்தம் செய்து, லெவல் இரண்டு இடத்திலும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் திரும்ப ஃபீட் எடுத்தோம். பொருள் ஸ்பெக்குக்கு, அதாவது வேண்டிய தரத்துக்கு, வர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. தாமதத்துக்கான காரணத்தை வாடிக்கையாளரிடம் நானே போனில் சொன்னேன், ஷிப்ட் ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் பெயரைப் போட்டு என்ன நடந்தது என்று முழுசாக எழுதினேன்.