வலி நின்ற பிறகு பல் மருத்துவரிடம் போனேன்

கீழ் இடது கடைவாய்ப் பல்லில் முதலில் இருந்தது வெறும் கூச்சம்தான். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று இழுத்து, சில நொடிகளில் அடங்கிவிடும். பிறகு அதன் போக்கு மாறியது. சூடான காப்பி பட்டு எழும் வலி, வாய் கொப்பளித்த பின்னும் நெடுநேரம் நின்றது. இரவில் படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதாலோ என்னவோ, விண் விண்ணென்று தெறித்துக் காதுவரை பரவியது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டு வைத்ததில் சற்றே மரத்தது. அதை ஈறில் தாராளமாகத் தடவுகிறவர்களுக்கு ஈறு வெந்து புண்ணாவதும் உண்டு.

மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்த நிலையில், முந்தைய நாள் வலி முற்றிலும் நின்றுவிட்டது. "வலிதான் விட்டுப்போச்சே, இனி எதுக்குப் பல்லைப் போய்க் குடையணும்?" என்றார் அத்தை. வாங்கிய நேரத்தை விட மனமில்லாமல்தான் போனேன்.

மருத்துவர் நன்றாகக் குளிரூட்டிய பஞ்சு உருண்டையை ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பல் துள்ளியது. வலித்த பல்லிலோ எதுவும் தெரியவில்லை. கருவியின் காம்பால் அதைத் தட்டியபோது மட்டும் வலித்தது. எக்ஸ்ரேயில் வேரின் நுனியைச் சுற்றிக் கருநிழல் தெரிந்தது. சொத்தை உள்ளே இறங்கி, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசுவான பற்கூழை அடைந்ததால் அங்கிருந்த நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது, கிருமிகள் வேர்வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று அவர் விளக்கினார். கூச்சம் நொடியில் அடங்கும் காலத்திலேயே வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பல்லை அடைப்பதோடு வேலை முடிந்துவிடுமாம்.

வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) அவர் குறித்த நாளுக்கு முன்பே ஈறு வீங்கி, பல்லின் அடியில் சீழ்க்கொப்புளம் ஒன்று எழும்பியது. வெளியே கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போடவும் ஒத்தடம் கொடுக்கவும் வீட்டில் ஆலோசனைகள் வந்தன. மருத்துவர் இரண்டையும் வேண்டாமென்று தடுத்து, வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்க மட்டும் சொன்னார். ஆன்டிபயாடிக் மாத்திரையே போதாதா என்று கேட்டேன். செத்த பற்கூழுக்கு இரத்த ஓட்டம் கிடையாது, ஆகவே மருந்து அங்கே போய்ச் சேராது, வீக்கம் அடங்கினாலும் மூலம் உள்ளேயே இருக்கும் என்பது அவர் பதில். மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கும் நம் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமப்பட்டாலோ, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தம் மருத்துவகம் திறக்கும்வரை காத்திராமல் இரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்றும், சர்க்கரை நோயாளிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னார்.

பலரும் அஞ்சுகிற வேர் சிகிச்சை, உண்மையில் இந்தக் கதையிலேயே சுவாரசியம் குறைந்த பகுதி. தாடையின் உட்புறம் போட்ட ஊசியில் பாதி உதடு மரத்துப்போனது; பல்லைத் திறந்து சீழை வடியவிட்டு, மெல்லிய அரங்களால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, உள்ளே மருந்து வைத்து மூடினார்கள். கொப்புளம் வற்றியதும் குழாய்களை நிரப்பி அடைத்தார்கள். வாயைத் திறந்தபடியே இருந்ததில் தாடை கடுத்ததுதான் பெரிய தொல்லை.

சொத்தையில் பெரும்பகுதி கரைந்துபோன கடைவாய்ப் பல், மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும் என்பதால் மேலே உறை ஒன்று மாட்டிக்கொண்டேன். செலவு கருதிச் சிலர் உறை மாட்டாமலே நின்றுவிடுகிறார்கள். பல் பிளந்து வேரோடு பிடுங்க வேண்டி வந்தால், செய்த செலவெல்லாம் வீண். பற்கூழை எடுத்துவிட்ட அந்தப் பல்லுக்குள் இனிக் கூச்சமோ வலியோ எழுந்து முன்கூட்டி எச்சரிக்காது. ஆகவே வேர் நுனியின் கருநிழல் மறைந்து எலும்பு வளர்கிறதா என்று பார்க்க, ஆறு மாதம் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.