ஒட்டடை அடிக்காத கோடை

மார்ச் 9, ஞாயிறு

காலையில் வாசல் தெளிக்கப் போனேன். மருதாணிக்குள் ஒரு கொண்டைக்குருவி, வாயில் காய்ந்த புல்லோடு நுழைந்தது. கோலப்பொடி டப்பாவும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். இன்னொன்று கேட் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தென்காசிக்கு வெளியே ஏழு சென்ட் இடத்தில் எங்கள் வீடு. முன்னால் மருதாணி, நந்தியாவட்டை, செம்பருத்தி. பின்னால் முருங்கை, கொய்யா, ஒரு கறிவேப்பிலை. மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய வேம்பு. தோட்டம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இருந்தும் வீட்டுக்கு ஒரு ஜோடி குடிவருகிறது என்றால் சந்தோஷம்தானே. தலையில் கருப்புக் கொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. பறவைப் பட்டியல்களில் இதைச் சின்னான் என்று போடுகிறார்கள். எங்களுக்குக் கொண்டைக்குருவிதான்.

மார்ச் 13

கூடு முடிந்துவிட்டது. நாலே நாள். சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கிறது. வெளியே வேரும் சுள்ளியும், உள்ளே மெல்லிய புல், அங்கங்கே சிலந்தி நூல், சாக்லேட் தாளின் ஒரு கீற்று. என் நெஞ்சு உயரத்தில், வாசலிலிருந்து பத்து எட்டு தூரத்தில் கட்டியிருக்கிறது. இவ்வளவு தாழ்வாகவா கட்டுவது என்று தோன்றியது.

மார்ச் 17

மூன்று முட்டை. 15, 16, 17 என்று காலைக்கு ஒன்றாக வைத்தது. இளஞ்சிவப்பு ஓட்டில் குங்குமத்தை உதறிவிட்டது போல அடர்ந்த புள்ளிகள், தடித்த முனையில் இன்னும் நெருக்கமாக. மகனின் செல்ஃபி குச்சியில் போனை மாட்டி மேலிருந்து படம் எடுத்தேன். குருவி இரண்டும் கத்தித் தீர்த்தன. நான் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அடங்கின.

மார்ச் 30

நேற்றுக் காலையில் இரண்டு, சாயங்காலம் மூன்றாவது. ரோமமே இல்லாத ரோஸ் நிறச் சதை, மூடிய கண், தோலுக்கு அடியில் கருநீலமாகத் தெரியும் கண்முழி. கிளை அசைந்தால் போதும், அம்மாதான் வந்துவிட்டாள் என்று மூன்று வாயும் திறக்கின்றன. நான் அசைத்தாலும் திறக்கின்றன. இன்று இதை மூன்று முறை செய்து பார்த்தேன். ட்யூஷன் பிள்ளைகள் ஆறு பேருக்கும் காட்டினேன்.

ஏப்ரல் 3

கூடு காலி.

காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது இருந்தன. எட்டரைக்கு மகனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மருதாணிக்குள்ளிருந்து காக்கை ஒன்று வெளியே வந்து டிஷ் ஆன்டெனாவில் உட்கார்ந்து, அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு கிளையில் கத்திக்கொண்டிருந்தன. கூடு கலையவில்லை, ஒரு புல்கூட நகரவில்லை. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை.

அத்தை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ நாளைக்கு நாலு தடவ போயி எட்டிப் பாத்தா, காக்கா பாத்துக்கிட்டுல்லா இருக்கும்" என்றார்.

ஏப்ரல் 5

இரண்டு நாளாக அந்த ஒரு வாக்கியம்தான் மண்டைக்குள். கை பட்டால் தாய்ப்பறவை வாடை தெரிந்து ஒதுக்கிவிடும் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நம்பி, கை படாமல் குச்சியில் போனைக் கட்டிப் பார்த்தேன். என் வரைக்கும் அதுதான் பெரிய ஜாக்கிரதை. உண்மையில் அந்த வாடைக் கதை பெரும்பாலும் சும்மா. குஞ்சைத் தொட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பறவைகள் அதை விட்டுவிட்டுப் போவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. நான் மருதாணிப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டும் கூச்சல் போட்டன. இங்கே ஏதோ இருக்கிறது என்று வேம்பு வரைக்கும் கேட்கும்படி தமுக்கு அடித்ததுபோல. வேம்பில் இருப்பதோ காக்கை. படம் எடுப்பதற்காக நான் ஒதுக்கிவிட்ட இரண்டு கிளைகளும் திரும்பக் கூடவில்லை. அதுவும் கண்ணில் பட்டது.

நான் போகாமல் இருந்திருந்தாலும் காக்கை கண்டுபிடித்திருக்கலாம். இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், மனது ஒப்பவில்லை.

ஏப்ரல் 10

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடிலிருந்து பழைய கேபிள் வயர் ஒன்று தொங்குகிறது. கனெக்‌ஷனை மாற்றியபோது அறுத்துவிட்டுப் போனது. அதன் நுனியில் இன்று ஒரு தேன்சிட்டு, பெண். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சன்ஷேடு மூலைக்குப் பறந்து, அங்கே இருந்த சிலந்தி வலையை அலகால் சுருட்டி எடுத்து, வயர் நுனியில் சுற்றிவிட்டுப் போனது. ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்தது.

நான் வெளியே போகவில்லை. சின்க் பக்கத்தில் நின்றபடியே பார்த்தேன். குக்கர் ஆறு விசில் அடித்துவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்குச் சித்திரை விசு. காலையிலேயே அத்தை ஒட்டடைக் கம்போடு வந்துவிட்டார். "விசுவும் அதுவுமா வீடு இப்படியா கெடக்கும்?"

அந்த மூலை ஒட்டடைதான் கூட்டுக்குக் கயிறு என்று ஜன்னல் வழியாகக் காட்டினேன். சிட்டும் நல்ல நேரம் பார்த்து வந்தது. வலையை இழுத்தது, கொஞ்சம் அலகில் ஒட்டிக்கொண்டது, தலையைச் சிலுப்பியது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "சரி, முன்வீட்டை மட்டும் அடிக்கேன்" என்று போய்விட்டார். பாவநாசத்தில் விசுத் தீர்த்தம் ஆடப் போகலாம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தை நினைத்துவிட்டு யாரும் கிளம்பவில்லை.

ஏப்ரல் 16

ஆண் சிட்டுக்குக் கூடு கட்டுகிற வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மஞ்சள் வயிறு, ஊதாத் தொண்டை, தலையில் வெயில் விழுகிற கோணத்துக்கு மின்னும் ஒரு பச்சை. இந்த அலங்காரத்தோடு காலை முழுக்க இவருடைய பைக் கண்ணாடியோடு சண்டை. கண்ணாடிக்குள் இருப்பவன் எதிரி. கொத்துகிறது, மேலே ஏறி எட்டிப் பார்க்கிறது, மறுபடியும் கொத்துகிறது. கடைசியில் இவர் இரண்டு கண்ணாடிக்கும் பழைய சாக்ஸை மாட்டிவிட்டார். ஆபீஸுக்குப் போகும்போது கழற்ற மறந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, வந்து என்னிடம் கோபித்துக்கொண்டார்.

ஏப்ரல் 21

கூடு இப்போது ஒரு சுருக்குப்பை மாதிரி தொங்குகிறது. பக்கவாட்டில், மேலே தள்ளி ஒரு வாசல். அதற்கு மேல் நம் வீட்டுச் சன்ஷேடு போலவே ஒரு சின்ன இறவாரம். இது எங்கிருந்து பார்த்துக் கட்டியது? நம்மைப் பார்த்துக் கட்டவில்லை என்பது தெரியும், இருந்தாலும்.

வெளிப்புறம் பார்க்கச் சகிக்காது. பட்டைத் துணுக்கு, காய்ந்த இலைச் சருகு, கம்பளிப்புழு எச்சம் என்று எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் வந்து மாட்டிய குப்பை. அதுதான் அதற்கு வேண்டியது. அந்தக் குப்பைக்கு நடுவில் சிவப்பு ஓரம் வைத்த ஒரு பென்சில் சீவல். எங்கள் ட்யூஷன் திண்ணையிலிருந்து போனதுதான், சந்தேகமே இல்லை.

இன்று உள்ளே எருக்கம்பஞ்சு போகிறது. பஞ்சோடு நுழைந்து, உள்ளேயே சுழன்று நெஞ்சால் அழுத்துகிறது. அப்போது பை முழுக்க உப்பி உப்பி அடங்குகிறது, மூச்சு விடுவதுபோல.

ஏப்ரல் 25

உட்கார்ந்துவிட்டது. வாசலில் வளைந்த அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை முட்டை என்று தெரியாது. பொதுவாக இரண்டு வைக்கும் என்று படித்திருக்கிறேன், அது போதும். மகன் செல்ஃபி குச்சியை எடுத்துக்கொண்டு வந்தான். வாங்கி பீரோ மேல் போட்டுவிட்டேன்.

பின்பக்கக் கொடியில் இனி துணி கிடையாது. மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும். அத்தைக்கு மூட்டுவலி, ஆகவே எனக்குத்தான் இரண்டு நடை.

ஏப்ரல் 28

கேபிள்காரத் தம்பி பழைய வயரை உருவ வந்தார். வேறு நாளாக இருந்தால் நாலு போன் போட்டும் வந்திருக்க மாட்டார். ஜன்னல் வழியாகக் காட்டினேன். கூட்டைக் கலைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைக் கணக்கில்தான் வரும் என்று இவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அந்தத் தம்பிக்குச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. "குஞ்சு பறந்தப்புறம் கூப்பிடுங்கக்கா" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மே 3

வேம்பில் கலாட்டா. காக்கையின் கூடு மேல்கிளையில் இருக்கிறது. ஒரு வாரமாகக் கருங்குயில் பக்கத்திலேயே உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தது. இன்று இரண்டு காக்கையும் அதைத் தென்னந்தோப்பு வரைக்கும் விரட்டிக்கொண்டு போயின. அந்த நேரத்தில் கொப்புகளுக்கு இடையில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பறவை பதுங்கிப் போனது. பெண் குயில். முட்டை வைத்ததா என்பதைப் பார்க்க முடியவில்லை. வைத்திருக்கட்டும் என்று நினைத்தேன். மருதாணிக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

மே 10

கத்திரி தொடங்கி ஒரு வாரம். தாழ்வான மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறேன், சின்னதுகள் நிற்பதற்கு நடுவில் ஒரு கல். மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், அணில் எல்லாம் வருகின்றன.

தேன்சிட்டு இன்று அலகில் சிலந்தியோடு வந்தது. அப்படியென்றால் பொரித்துவிட்டது. பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியும் பச்சைப்புழுவும். இப்போது ஆணும் கொண்டுவருகிறது. கண்ணாடிச் சண்டையை மறந்துவிட்டது போல.

மே 13

தொட்டியில் இருந்த கத்திரிச்செடியின் இலை சுருண்டிருந்தது. பூச்சி என்று நினைத்துக் கிள்ளப் போனேன். இலையின் ஓரத்தில் வரிசையாகத் துளை, துளை வழியே பஞ்சு, வெளிப்பக்கம் ஒவ்வொன்றும் பிசிர்ந்து நின்றது. தையல்சிட்டு! கையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் நாலு நாளாகப் பார்த்தும் எதுவும் வரவில்லை. பாதித் தையலோடு விட்டுவிட்டுப் போய்விட்டது.

மே 18, ஞாயிறு

ராத்திரி கோடை மழை. மழைக்கு முன்னால் வந்த காற்றில் தகரமெல்லாம் எழும்பியது. கரண்ட் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடி வழியாக டார்ச் அடிக்கலாமா என்று நினைத்து, அடிக்கவில்லை. மின்னல் வெட்டியபோதெல்லாம் தெரிந்தது. பை ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, ஒரு தடவை சுவரில் போய் மோதியது. "ஒரு நூலக் கட்டி இழுத்து நிறுத்திருவோமா?" என்றார் இவர். கிளம்பியே விட்டார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இருட்டில் ஆள் போய்த் தாய் வெளியே பறந்துவிட்டால், அந்த மழையில் எங்கே போய் எப்படித் திரும்பும்? இதைச் சொல்லும்போதே, செய்யாமல் இருந்து அறுந்து விழுந்தால் இதற்கும் நான்தானே பொறுப்பு என்றும் ஓடியது. மூன்று மணி வரைக்கும் தூக்கமில்லை.

காலை ஐந்தரைக்குப் பார்த்தேன். பை தொங்குகிறது. வாசலில் அலகு. இறவாரத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு தண்ணீர் விழாமல் நிற்கிறது.

மே 23

முருங்கையில் கொண்டைக்குருவிக் குஞ்சுகள் இரண்டு. வால் முளைக்காமல், கொண்டை சரியாக வராமல், பெற்றோருக்குப் பின்னால் சிறகை நடுக்கிக்கொண்டு கெஞ்சுகின்றன. அதே ஜோடிதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு ஜோடி பக்கத்து வீட்டு நந்தியாவட்டைப் பக்கம் போய்வருவதைப் பார்த்தேன். அந்த மதில் ஓரம் நான் தலையே காட்டவில்லை.

மே 27

காலை 6.40. கூட்டு வாசலில் ஒரு தலை, அதன் மேலேயே இன்னொரு தலை. தாய் கொடிக்கயிற்றில் உட்கார்ந்து விடாமல் கூப்பிடுகிறது, வாயில் புழு இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. முதல் குஞ்சு வெளியே வந்து இறவாரத்தில் தலைகீழாகத் தொங்கியது. அப்புறம் பறந்தது. பறந்தது என்று சொல்வது கொஞ்சம் அதிகம், விழுந்துகொண்டே போய்க் கொடியைப் பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் ஆடி நிலைக்கு வர அரை நிமிடம். அலகு இன்னும் நீளவில்லை, வாயோரம் மஞ்சள். ஒரு துணிக்கிளிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, கிளிப்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

இரண்டாவது 7.15-க்கு. அது நேராகக் கறிவேப்பிலைக்குள் போய்விட்டது. இட்லி ஊற்றவில்லை. வீட்டில் யாரும் கேட்கவுமில்லை, நாலு பேரும் ஜன்னலில்தான் நின்றோம்.

ஜூன் 9

சாரல் வந்துவிட்டது. வேம்பிலிருந்து இறங்கி எங்கள் மதிலில் காக்கை, பக்கத்தில் கருப்பாக ஒரு குஞ்சு. குஞ்சின் குரல் காக்கைக் குரல் இல்லை. காக்கை நனைந்துகொண்டே பிஸ்கட்டைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, மெத்தென்று ஆக்கி, அதன் சிவந்த வாய்க்குள் திணித்தது. போய் எங்கிருந்தோ எதையோ கொண்டுவந்தது. திரும்பத் திணித்தது. சிரிப்பு வரும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன், வரவில்லை. மத்தியானச் சோற்றில் ஒரு உருண்டை கூடுதலாக வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தை ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். "இனிமே அடிக்கலாம்லா? கேபிள்காரனுக்கும் போன் போட்டிரு."

அடிக்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். இரண்டு வாரமாகப் பைக்குள் யாரும் இல்லை, வெயிலில் நிறம் வெளுத்து, பென்சில் சீவலும் எங்கோ விழுந்துவிட்டது. கதவைத் திறந்தபோது பெண் சிட்டு வயரில் இருந்தது. கூட்டு வாசலுக்குள் தலையை விட்டு, ஒரு கொத்து எருக்கம்பஞ்சை இழுத்து எடுத்துக்கொண்டு கொய்யாவுக்குப் பறந்தது. அங்கே எந்தக் கிளை என்று நான் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் திரும்ப வந்தது. பஞ்சு இன்னும் நிறைய மிச்சம்.

அத்தை கம்பைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, மாடிக்குப் போகத் துணி வாளியை என் பக்கம் நகர்த்தினார்.