சூரியனில் கால்சியம் ஏன் அவ்வளவு தடிமனாகத் தெரிகிறது? சாகா சமன்பாட்டைக் கணக்குப் போட்டே பார்ப்போம்

சூரிய ஒளியின் நிறமாலையில் ஊதா ஓரத்துக்குப் போனால், 393.4, 396.8 நானோமீட்டரில் இரண்டு தடித்த கருங்கோடுகள் இருக்கும். இரண்டும் கால்சியம் ஒளியை உறிஞ்சியதால் விழுந்த கோடுகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஹைட்ரஜன் இடும் கோடுகள் (பாமர் கோடுகள்) இவற்றின் முன் மெலிந்து நிற்கும். ஆனால் சூரியனில் ஒரு கால்சியம் அணுவுக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன.

இந்தப் புதிரை அவிழ்க்கும் சமன்பாட்டை 1920-இல் இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா வெளியிட்டார். அணு எலக்ட்ரானை இழப்பதை அவர் ஒரு மீள்வினையாகவே எடுத்துக்கொண்டார்: ஒரு பக்கம் முழு அணு, மறுபக்கம் அயனியும் எலக்ட்ரானும். வேதியியலில் வினைவெப்பம் வரும் இடத்தில் அயனியாக்க ஆற்றலை வைத்தார்.

"சூடானால் அணு உடையும், அதைச் சொல்வதுதான் சாகா சமன்பாடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதிக் கதைகூட இல்லை. அயனிகளுக்கும் நடுநிலை அணுக்களுக்கும் உள்ள விகிதத்தை மூன்று எண்களின் பெருக்கலாக அந்தச் சமன்பாடு தருகிறது. முதலாவது, எலக்ட்ரானைப் பிய்க்கக் கொடுக்கும் ஆற்றல் விலை. இரண்டாவது, பிய்ந்த எலக்ட்ரானுக்கு வெளியே இருக்கும் காலி இடம். மூன்றாவது, அயனிக்கும் அணுவுக்கும் உள்ள குவாண்டம் நிலைகளின் விகிதம். இது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்துக்குள் அடங்கிவிடும். போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

சூரியப் பரப்பின் வெப்பநிலை 5,777 கெல்வின். போல்ட்ஸ்மான் மாறிலியால் (கெல்வினுக்கு 0.00008617 எலக்ட்ரான் வோல்ட்) பெருக்கினால் 0.498 எலக்ட்ரான் வோல்ட். அந்த வெப்பத்தில் ஒரு துகளுக்குக் கிடைக்கும் ஆற்றலின் அளவுகோல் இது. ஹைட்ரஜனை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். வகுத்தால் 27.3. இயல் மடக்கையின் அடிமானமான 2.718-ஐ −27.3 அடுக்குக்கு உயர்த்தினால் லட்சம் கோடியில் 1.4 பங்கு. இதுதான் விலை.

அடுத்து இடம். வெப்பநிலையை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி 2.41 × 10²¹ ஆல் பெருக்கினால், ஒரு கன மீட்டரில் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் குவாண்டம் இடங்கள் சுமார் 1.06 × 10²⁷. ஆனால் அங்கே எலக்ட்ரான்களின் அழுத்தம் வெறும் 1.5 பாஸ்கல், அதாவது கன மீட்டருக்கு சுமார் 1.9 × 10¹⁹ எலக்ட்ரான்கள். ஆக, எலக்ட்ரான் ஒன்றுக்கு 5.6 கோடி இடங்கள். ஹைட்ரஜனுக்கு மூன்றாவது எண் 1. பெருக்கினால் 0.000077. பதின்மூன்றாயிரத்தில் ஓர் அணுதான் அயனி, மற்றதெல்லாம் நடுநிலை.

ஹைட்ரஜன்தான் உடையவில்லையே, பிறகு ஏன் கோடு மெலிந்தது? பாமர் கோட்டை உறிஞ்ச எலக்ட்ரான் ஏற்கெனவே இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலக்ட்ரான் வோல்ட் செலவு. அணுவை விட்டு வெளியேறாததால் இங்கே இடச் சலுகையும் கிடையாது. 100 கோடி அணுக்களில் 5 மட்டுமே அந்த நிலையில் இருக்கும்.

கால்சியத்துக்கு விலை 6.11 தான். அடுக்கு −12.3 ஆகிறது. அதே 5.6 கோடியாலும் நிலை விகிதமான 3.5 ஆலும் பெருக்கினால், ஒரு நடுநிலை அணுவுக்கு 918 அயனிகள். அந்தத் தடித்த கோடுகள் இரண்டும் இந்த அயனி தன் தரைநிலையிலிருந்தே, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலிருந்தே உறிஞ்சுபவை. அயனிகளில் பெரும்பாலானவை தரைநிலையில்தான் இருக்கின்றன. எனவே 5 லட்சம் ஹைட்ரஜனில் 0.0025 அணு தயாராக நிற்கும்போது, ஒற்றைக் கால்சியம் ஏறக்குறைய முழுதாகத் தயார். 400 மடங்கு வித்தியாசம்.

பலருக்கும் இடறும் இடம் ஒன்று உண்டு. 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை வெப்பநிலையாக மாற்றினால் 1,58,000 கெல்வின் வரும். ஆனால் 20 பாஸ்கல் எலக்ட்ரான் அழுத்தத்தில் ஹைட்ரஜன் 9,600 கெல்வினிலேயே பாதி அயனியாகிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளை மாதிரிதான்: பிரிய ஒரு கணம் போதும், அத்தனை பெரிய மைதானத்தில் திரும்பிச் சேர்வதுதான் அபூர்வம். அழுத்தம் குறைந்தால் மைதானம் விரியும், அயனியாக்கம் கூடும். வெப்பநிலையை மட்டும் பேசுகிற விளக்கங்களில் இது வரவே வராது.

கோட்டின் தடிமன் பொருளின் அளவைக் காட்டாது என்று தெரிந்த பிறகுதான் நட்சத்திரங்களில் எது எவ்வளவு என்று கேட்கவே முடிந்தது. வானியலாளர் செசிலியா பெய்ன் 1925-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்தக் கணக்கைப் போட்டு, ஹைட்ரஜன் பிரம்மாண்டமாக மிகுந்திருப்பதைக் கண்டார். அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. அதனால் அந்த முடிவு உண்மையாக இருக்காது என்று ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. 1929-இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

நீங்களே கணக்குப் போட்டால் பிழை வரும் இடங்கள் அநேகமாக இவைதான். அடர்த்தியைக் கன சென்டிமீட்டரில் எடுத்து மற்றதைக் கன மீட்டரில் வைத்தால் விடை 10 லட்சம் மடங்கு தவறும். பழைய நூல்களில் சமன்பாடு 10 அடிமான மடக்கையில் இருக்கும், அதை இயல் மடக்கை என்று எடுத்துவிடக் கூடாது. மூன்றாவது எண்ணுக்குள் அடங்கும், எலக்ட்ரானின் இரு தற்சுழற்சி நிலைகளுக்கான 2-ஐ விட்டுவிட்டால் விடை பாதியாகும்.

சமன்பாடே தோற்கும் இடங்களும் உண்டு. சூரிய மையத்தின் எண்களைப் போட்டால் ஹைட்ரஜனில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் அயனி என்று விடை வரும். அது தவறு. அங்கே எலக்ட்ரான்களுக்கு இடையிலான சராசரித் தூரம் 0.026 நானோமீட்டர், ஹைட்ரஜன் அணுவின் ஆரமோ 0.053. அணு உருவாக இடமே இல்லாததால் எல்லாம் அயனிதான். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் சிக்கல் நேர்மாறு: பொருள் அவ்வளவு ஐதாக இருப்பதால் வெப்பச் சமநிலை ஏற்படுவதில்லை. எலக்ட்ரான் மோதி அணு உடைகிறது, ஒளியை உமிழ்ந்து மீண்டும் சேர்கிறது. இரண்டின் வேகமும் எலக்ட்ரான் அடர்த்திக்கு நேர்விகிதம் என்பதால் விகிதம் எடுக்கும்போது அடர்த்தி வெட்டுப்பட்டுப் போகும். அங்கே சாகாவை விட்டுவிட்டு, இந்த இரு வேகங்களையும் சமப்படுத்தித்தான் கணக்கிட வேண்டும்.