எவ்வளவு அடித்தாலும் ஸ்டெடி

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் பேச்சிலேயே சொல்லிவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: "எவ்வளவு அடிச்சாலும் நான் ஸ்டெடியா இருப்பேன் சார்." சொல்லும்போது கை நடுங்கும், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் தண்ணீர் வாய்க்குப் போகும். ஆனாலும் குரலில் பெருமை குறையாது. கூடவே, ஒரே ரவுண்டில் மட்டையாகிவிடும் நண்பனைப் பற்றி ஒரு கிண்டல் வரும்.

அந்த நண்பர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பேன். வேலைக்குப் போயிருப்பார், வீட்டில் இருப்பார். எங்கள் வார்டுக்கு அவர் வருவதே இல்லை.

இது தற்செயல் இல்லை. குடித்த மதுவைக் கல்லீரல் இரண்டு கட்டமாக உடைக்கிறது. முதலில் ஒரு நொதி அதை அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும். அடுத்து இன்னொரு நொதி அந்த நச்சை அசெட்டேட்டாக மாற்றித் தணித்துவிடும். இந்த இரண்டாவது நொதிக்கான மரபணுவின் பெயர் ஏஎல்டிஎச்2. அதில் ஒரே ஓர் எழுத்து மாறிப் பிறந்தவர்களுக்கு நச்சு தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். அந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்து ஒன்றாக வேலை செய்வது. ஒரு துண்டு பழுதானாலும் மொத்தமும் தடுமாறும். அதனால் அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மாற்றம் வந்திருந்தாலும் நொதியின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சீன, ஜப்பானிய, கொரிய வம்சாவளியினரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இது உண்டு. மற்ற இடங்களில் அபூர்வம்.

நோயாளிகளுக்கு இதைச் சொல்லும்போது பலரும் "பாவம் சார் அவங்க" என்பார்கள். அந்தப் பாவப்பட்டவர்களைத்தான் குடிநோய் அவ்வளவாக நெருங்குவதில்லை என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆனால் மரபணுவே காவல் என்றும் நம்பிவிட முடியாது. ஜப்பானியக் குடிநோயாளிகளை ஆராய்ந்த ஹிகுச்சி குழுவினர் 1994இல் வெளியிட்ட கணக்கு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த மாற்றத்தின் ஒரு நகல் மட்டும், அதாவது அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தது மட்டும், உள்ளவர்கள் 1979இல் குடிநோயாளிகளில் 2.5 சதவீதம். 1986இல் 8. 1992இல் 13. பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது குடிக்கும் பழக்கமும், "ஒரு கிளாஸ்தானே" என்ற வற்புறுத்தலும்தான். இரண்டு நகலும் மாறியவர்கள் மட்டும் அந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. அவர்களின் உடம்பு எந்த வற்புறுத்தலுக்கும் மசியவில்லை போலும். முகம் சிவந்தாலும் விடாமல் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் பல மடங்கு அதிகம். சிவப்பு தெரியாமலிருக்க அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டு குடிப்பவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை சிவப்பைத்தான் மறைக்கும், நச்சு உள்ளேயேதான் இருக்கும். எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் புத்திசாலித்தனம் கிடையாது.

பிறவியில் கிடைக்காத அந்தத் தடையை நாங்கள் சிலருக்கு மாத்திரையில் கொடுக்கிறோம். டைசல்ஃபிரம். 1940களில் டென்மார்க்கில் ஹால்டும் யாகோப்சனும் குடற்புழு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். மதுவோடு சேர்ந்தபோது உடம்பு படுத்திய பாட்டில்தான் அதன் வேறு பயன் தெரிந்தது. அதே இரண்டாவது நொதியை அது முடக்குகிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் இருமல் டானிக்கில்கூட ஆல்கஹால் இருக்கலாம், லேபிளைப் பாருங்கள் என்று வரி வரியாகச் சொல்வேன். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை ஆபத்து உண்டு என்பதை இரண்டு முறை சொல்வேன். மனைவிமார் தனியாக வந்து, "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கலாமா சார்?" என்று கேட்பார்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் கூடவே கூடாது. விஷயம் தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே வினையாகலாம்.

சரி, ஸ்டெடியாக இருப்பவர்களுக்கு வருகிறேன். வருடக்கணக்கில் குடித்துப் பழகிய உடம்பு தாங்குவதில் ஆச்சரியமில்லை. பிறவியிலேயே தாங்கும் உடம்பு என்று ஒன்று உண்டு, அது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட், இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளவாக மது கொடுத்து, அவர்கள் எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துவைத்தார். சுமார் பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாக ஏறியவர்களில் 14 சதவீதம்தான். சூடு தெரியாத கையால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதுபோலத்தான் இது: வெந்து முடிந்த பிறகுதான் தெரியவரும்.

அப்பாவைப் பார்க்க வரும் மகன்கள் சிலர், "ஜீன் டெஸ்ட் எடுத்தா எனக்கு வருமான்னு தெரியுமா?" என்று கேட்கிறார்கள். குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையைச் சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது ஏராளமான மரபணுக்களில் சிறுசிறு பங்காகச் சிதறிக் கிடக்கிறது. ஒருவருக்கு வரும், வராது என்று எந்த டெஸ்ட்டும் அடித்துச் சொல்லாது. அதற்குப் பதிலாக நான் ஒரு கேள்வி கேட்பேன்: முதல் நாலைந்து தடவை குடித்தபோது எத்தனையாவது கிளாஸில் ஏறியது?

சமீபத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனிடம், அவன் அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். "மூணு பீர் வரைக்கும் ஒண்ணுமே தெரியல சார். என் செட்டுல நான்தான் ஸ்டெடி" என்றான். அப்பாவோடு பேச ஒதுக்கியிருந்த நேரம் முழுவதையும் அன்று அவனுக்கே கொடுத்தேன்.