ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் ஓய்வு

இலங்கை மலையகத்து அட்டனில் பிறந்து வளர்ந்தவள் நான். ஏற்றமும் இறக்கமும் கால்களுக்குப் பழக்கம். கல்யாணமாகிக் கேரளத்தின் குளத்துப்புழைக்கு வந்து, ஐப்பசியில் ஓடத் தொடங்கியபோது சமாளித்துவிடலாம் என்றுதான் நம்பினேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புகுந்த வீட்டாரும் மலையகத்து ஆட்கள்தான். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் தாண்டி, 1970களில் இந்த ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எனக்கு முதலில் இரண்டுமே புதிதாகத்தான் இருந்தன, மொழியும் வெக்கையும்.

அட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். இங்கே மலையடிவாரம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருக்கும்போது அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் ரத்தம் போயாக வேண்டும், அதனால் நெஞ்சு கூடுதலாக அடித்துக்கொள்ளும். புது வெக்கைக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால், முதல் வாரம் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

பிறகு என் நாத்தனார் கைப்பேசியில் ஒரு திட்டம் தேடிக் கொடுத்தாள். 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம், வாரம் மூன்று நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மாற்றி மாற்றி 20 நிமிடம். அவளும் கூடவே வந்தாள். மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் குறைக்க வேண்டும். அந்த வாக்கியத்தை மலையாளத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட கட்டளை. “எனிக்கு வெள்ளம் வேணம்” என்பேன். வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது என்று நினைத்திருந்தவள், தண்ணீர் கேட்கப் பழகினேன். “பதுக்கெ மதினி, பதுக்கெ”, மெதுவாக மெதுவாக என்று அவள் இழுத்துப் பிடிப்பாள். நடப்பவர்கள்கூட முந்திப் போகிற வேகம் அது. அந்த வேகத்தில்தான் ஓட்டம் எனக்கு வசப்பட்டது.

நான்காம் வாரம் ஆசை கூடிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் தினமும் ஓடினேன், அதுவும் தட்டையான கேன்வாஸ் ஷூவில். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலி, தொட்டாலே உயிர் போனது. மாமியார் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறவர். எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே சொன்னார்: “இங்க பாரு புள்ள, இன்னைக்கு வெட்டின மரத்தை நாளைக்குத் தொட மாட்டோம். தினம் வெட்டினா பட்டமரப்பு வந்துரும், அப்புறம் சிரட்டையில சொட்டுப் பால் விழாது.”

எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ‘ஓடு’ என்கிற அந்த நாட்களில்தான் கால் உடைகிறது. பத்து நாள் நடை மட்டும். புனலூரில் கட்டைவிரலுக்கு முன்னே ஒரு விரல் இடம் விட்டு ஓடுவதற்கான ஷூ வாங்கினோம். அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான்.

சாயாக்கடையில் இருந்தவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியவர் “நம்முடெ உஷ!” என்று கை தட்டினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதை இங்கே இன்னும் சொந்த வீட்டுத் துக்கம்போலப் பேசுகிறார்கள்.

தை பிறந்த வாரம் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்தேன், 43 நிமிடம். சாஸ்தா கோயில் ஆற்றங்கரையில் சபரிமலைக்குப் போய்த் திரும்பிய சாமிமார் கூட்டம். ஆற்று மீன்களை இங்கே திருமக்கள் என்பார்கள், யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிப் போட்டேன். விற்ற சேச்சி எந்த ஊர் என்று கேட்டார். வேர்வை வழிய வழிய, இடையில் மூச்சு விடாமல் சொன்னேன்: “ஞான் அட்டன்காரி. இப்போள் இவிடெ எஸ்டேட்டிலா தாமசம்.”