ஆர்கன் எத்தனை முறை இடம் மாறியது?

ஒரு விசைப்பலகை, நான்கு ஸ்டாப் (ஒவ்வொன்றும் தனி ஒலிநிறம் தரும் ஒரு குழாய் வரிசை), இருநூற்றுச் சொச்சம் குழாய்கள். நான் பழுதுபார்த்து வரும், குழாய்களில் காற்றுப் புகுந்து ஒலிக்கும் இந்தச் சின்ன பைப் ஆர்கனின் பின்கதவில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. இரண்டு தடவை இடம் மாறியதாக அதில் எழுதியிருக்கிறது. சரி, பிரித்த கையோடு தடயத்தையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

பலகை மூட்டுகளில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருந்தன. ஆகா, முதல் இடமாற்றம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். தப்பு. ஆர்கனைப் பட்டறையிலேயே முழுதாகக் கோத்துப் பார்த்து, பிறகு பிரித்துத்தான் அனுப்புவார்கள். இது செய்தவர் போட்ட அடையாளம்.

உண்மையான முதல் தடயம், காற்றடிக்கும் துருத்தியின் கைப்பிடி. வலப்பக்கம் அதற்கான பிளவை மரத்துண்டால் அடைத்து, இடப்பக்கம் புதிதாக அறுத்திருக்கிறார்கள். புதிதாகப் போன இடத்தில் வலப்பக்கம் சுவர் இருந்திருக்க வேண்டும். அடைத்த துண்டின் மேலேயே ஏறிப்போகிறது ஒரு பென்சில் எண் வரிசை; அங்கே பொருத்தும்போதே போட்டதாக இருக்கலாம். அப்புறம் நீலச் சாக்குக்கட்டியில் அம்புக்குறிகள். சில இடங்களில் பென்சில் எண்ணை மறைத்தபடி. ஆக, இரண்டாவது பயணம்.

உலோகக் குழாய்களில் கொஞ்ச நேரம் ஏமாந்தேன். உச்சியில் புது உலோகம் பற்றவைத்து நீளம் கூட்டியிருந்தது; குழாய் நீண்டால் சுருதி இறங்கும். 38 செ.மீ. குழாயில் ஒட்டு 1 செ.மீ. கணக்குப் போட்டால், இங்கிலாந்தில் ஒரு காலத்தில் புழங்கிய 452 ஹெர்ட்ஸ் உயர் சுருதியிலிருந்து (சுருதி சேர்க்க அளவாக வைக்கும் 'ஏ' ஸ்வரத்தின் அதிர்வெண் இது), 1939 லண்டன் மாநாடு பரிந்துரைத்த 440-க்கு இறங்க ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். ஆனால் அதை நின்ற இடத்திலேயே செய்திருக்கலாமே! கணக்கில் சேர்க்கவில்லை.

தாளும் தடயமும் ஒத்துப்போய்விட்டன என்று நினைத்தபோதுதான் பெரிய மரக்குழாய்கள் மூன்றை வெளியே எடுத்தேன். கூரை தாழ்வான இடத்துக்காக மூன்றையும் அறுத்து, முழங்கைபோல மடக்கியிருக்கிறார்கள். உள்ளே காற்றுத்தம்பத்தின் நீளம் மாறாதவரை சுருதி கெடாது. ஒரு குழாயில் நீல அம்பின் பாதி வெட்டுக்குக் கீழே, மீதி மேல்துண்டில் வேறு திசையைப் பார்க்கிறது. அம்பு போட்ட பிறகுதான் அறுத்திருக்கிறார்கள்! இப்போது இருக்கும் இடத்திலோ உயரத்துக்குக் குறைவில்லை. அப்படியானால் கூரை தாழ்ந்த அந்த இடத்திலிருந்து இங்கே வந்த மூன்றாவது இடமாற்றமும் ஒன்று உண்டு. தாள் அதற்கு முன்பே ஒட்டப்பட்டிருக்கும்.

ஊர் மாறுவது ஆர்கன்களுக்குப் புதிதில்லை. ஜெர்மன் ஆர்கன் கைவினைஞர் கொம்பேனியஸ் 1610-இல் செய்து முடித்த, முழுக்க மரக்குழாய்களாலான ஆர்கன், ஜெர்மனியின் ஹெசன் கோட்டையிலிருந்து டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்போர்க் கோட்டைக்கு 1617-இலேயே போய்விட்டது.

மடக்கிய குழாய்களை நிமிர்த்தலாமா என்று யோசித்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். மூட்டில் காற்று கசிந்ததால் மெல்லிய தோலை ஒட்டியிருக்கிறேன். இரண்டு குழாய்கள் பேசிவிட்டன. அம்பு போட்டது மட்டும் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.